ஊரில் தெரிந்தவர்

1

இந்த நிறுவனத்தில் சேர்ந்து பதினான்கு வருடம் ஆனது எனக்கே மறந்துபோயிருந்தது. வேலை பார்ப்பவர்கள் கூடும் வலைத்தளம் மறக்கவில்லை. "பியூலா மனோகரன் பதினான்கு ஆண்டுகளை நிறைவு செய்கிறார், வாழ்த்துங்கள்" என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அதுவாகவே தண்டோரா போட்டுவிட்டது. காலையில் டிராமில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தால் நாற்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள். பாதிப் பேரின் முகம்கூட நினைவில்லை. அவற்றைப் படித்துக்கொண்டே வந்தபோது, போன வருடம் இதே பக்கத்தில் நடந்ததை ஊர்க்காரர்களுக்கு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் இருப்பது சுவீடனில், கோத்தன்பர்க் நகரத்தில். குடிநீர் வழங்கும் நிறுவனத்தில் பொறியாளர். பூமிக்கு அடியில் குழாய் எங்கே கசிகிறது என்று மேலிருந்தே கண்டுபிடிக்கும் துறை. பிறந்தது போடியில். அப்பா பஜாரில் பைப் கடை வைத்திருந்தார். அவருக்குப் பிறகு அண்ணன் தன்ராஜ் நடத்துகிறார். குழாய்தான் நம் குடும்பத் தொழில் என்று கணவர் மனோகரனிடம் வேடிக்கையாகச் சொல்வேன். வீட்டுக்குள் மட்டும்தான் சொல்வேன். அலுவலகத்தில் சொன்னதே இல்லை.

வலையில் எனக்கு இரண்டு வீடுகள். ஒன்று குடும்பத்துக்கு. கல்யாணப் படம், கிறிஸ்துமஸ் பலகாரம், யாராவது போட்ட காலை வணக்கம் எல்லாம் அங்கே. இன்னொன்று வேலைக்கு. அதில் கறுப்புக் கோட்டுப் போட்டிருப்பேன். சுவீடிஷில் எழுதுவேன். ஒவ்வொரு பதிவையும் மகள் லிடியாவிடம் காட்டித் திருத்தி வாங்கிய பிறகுதான் போடுவேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ஜன்னல்கூட நான் வைக்கவில்லை.

லிடியாவுக்குப் பதினாறு வயது. ஒருநாள் அவளிடம், "உன் கணக்கில் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டாயா?" என்று கேட்டேன்.

"எதில?" என்றாள்.

மூன்று வைத்திருக்கிறாளாம். பள்ளிக்கு ஒன்று, எல்லோருக்கும் ஒன்று, நான்கே பேருக்கு ஒன்று. அந்த நான்கு பேரில் நான் இல்லை. கொஞ்சம் வலித்தது. ஆனால் அந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

2

அண்ணன் ஒருநாள் கூப்பிட்டு, "பாப்பா, பெரிய பெரிய கம்பெனிக்காரவுக எல்லாம் நீ இருக்கியே, அந்தத் தளத்துலதான் இருக்காகளாம். நானும் சேந்துட்டேன்" என்றார்.

சேர்ந்தது மட்டுமில்லை, ஒரே வருடத்தில் அதை இன்னொரு கடையாகவே மாற்றிவிட்டார். கெங்குவார்பட்டியில் சொட்டுநீர் போட்டிருக்கும் மாந்தோப்புக்காரர் உடைந்த வால்வைப் படமெடுத்துப் போடுவார். "இது முக்கால் இஞ்சு இல்லண்ணாச்சி, ஒரு இஞ்சு. நாளைக்கு பஸ்ல குடுத்து விடுறேன்" என்று அண்ணன் பதில் எழுதுவார். மலைக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள் மலையாளத்தில் கேட்பார்கள். அதற்கும் தமிழ் எழுத்தில் மலையாளம் எழுதிச் சமாளிப்பார். எனக்கும் ஓர் அழைப்பு அனுப்பியிருந்தார். கூடப் பிறந்தவரை எப்படி மறுப்பது? சேர்த்துக்கொண்டேன்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. அண்ணனுக்கு நான் இன்னமும் பாப்பாதான். சுவீடிஷில் 'பாப்பா' என்றால் அப்பா. லிடியா சின்னவளாக இருந்தபோது, "மாமா ஏன் உன்னை அப்பான்னு கூப்பிடுறாரு?" என்று குழம்பிப் போய்க் கேட்டிருக்கிறாள்.

போன வருடம் என்னைத் துறைத் தலைவராக்கினார்கள். நிறுவனத்தின் தகவல் தொடர்பைப் பார்த்துக்கொள்ளும் ஈவா என்னைப் படமெடுத்தாள். நான் நான்கு பத்தி எழுதி, லிடியா திருத்தி, வேலைப் பக்கத்தில் போட்டேன். வாழ்த்துகள் வரிசையாக வந்தன. நான் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் நடுவில் அண்ணன் எழுதியிருக்கிறார்:

"பாப்பா, ரொம்ப எளச்சுப் போயிட்ட. போட்டோல கன்னத்தையே காணோம். சாயங்காலம் கூப்பிடுறேன். வீட்டுக்காரர் இல்லாதப்ப எடு. தனியாப் பேசணும்."

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. அண்ணன் மகள் ஷீபாவுக்குப் பெரியகுளத்தில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் மனோகரனுக்குச் சொந்தம். அவர்களைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் என்னிடம் விசாரிக்க வேண்டும், அது மனோகரன் காதில் விழக்கூடாது. அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தளத்தில் மொழிபெயர்க்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கிப் பார்த்தேன். சுவீடிஷில் இப்படி வந்தது: "பேபி, நீ மிகவும் மெலிந்துவிட்டாய். படத்தில் உன் கன்னங்கள் இல்லை. மாலையில் அழைப்பேன். உன் கணவன் இல்லாத நேரத்தில் எடு. நாம் தனிமையில் பேச வேண்டும்."

காது மடல் சூடாகிவிட்டது. உடனே அழித்தேன். அதற்குள் ஈவா அதைப் படமெடுத்து வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

3

மறுநாள் என் மேலதிகாரி லார்ஸின் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஈவாவும் இருந்தாள். மேசையில் எனக்கும் சேர்த்துக் காபி ஊற்றி வைத்திருந்தார்கள். கதவைச் சாத்திய பிறகு லார்ஸ் ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"பியூலா, இந்த மனிதரை உங்களுக்குத் தெரியுமா?"

தாளில் அண்ணனின் படம். கடை வாசலில், வெள்ளைச் சட்டையில், பின்னால் நீலக் குழாய்கள் அடுக்கியிருக்க, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பெயரும் என் பெயரும் எந்த இடத்திலும் ஒட்டவில்லை. அவர் அப்பாவின் முதலெழுத்தைப் போட்டிருக்கிறார், நான் கணவர் பெயரைப் போட்டிருக்கிறேன்.

"ஊரில் தெரிந்தவர்" என்றேன்.

வாயிலிருந்து அதுதான் வந்தது. அண்ணன் என்று சொல்லியிருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்போம், காபியைக் குடித்துவிட்டு எழுந்திருப்போம். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. துறைத் தலைவராகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. என் உச்சரிப்பைக் கேட்டுப் புன்னகைக்காதவர்களாக அவர்களை ஆக்குவதற்கே எனக்குப் பத்து வருடம் பிடித்தது. அந்த அறையில், அந்த நாற்காலியில், கன்னம் வற்றிய பாப்பாவாக உட்கார எனக்கு மனமில்லை.

"உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?" என்று ஈவா மெதுவாகக் கேட்டாள்.

"ஐயோ, இல்லை. ஒன்றுமே இல்லை" என்றேன்.

இந்த மாதிரி நேரத்தில் 'இல்லை' என்பதை நம்பக்கூடாது என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள்போல. என் கையைத் தொட்டு, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது" என்றாள்.

இந்த நாட்டில் எதற்கும் ஒரு நடைமுறை இருக்கும். அந்தத் தாளை ஒரு கோப்பில் போட்டு மூடுவதுதான் அது என்று நான் நினைத்துக்கொண்டேன். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

4

நான்கு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார்.

"பாப்பா, என் பக்கத்த மூடிட்டாய்ங்க."

"யாருண்ணே?"

"அந்தத் தளத்துக்காரய்ங்கதான். இங்கிலீஸ்ல ஒரு மெயில் வந்துச்சு. நான் போன் கடைக்காரர்ட்டக் காட்டுனேன். பொம்பளைக்குத் தொந்தரவு குடுத்தேன்னு போட்டிருக்காம். பெறகு ஷீபாவும் படிச்சுப் பாத்துட்டு ஆமான்னு சொல்லுச்சு. நான் யாருக்குத்தா தொந்தரவு குடுத்தேன்? கடைல பில்லுப் போடுற புள்ளையவே வாங்க போங்கன்னுதான் கூப்பிடுறேன். உனக்கு அவுக பாஷை தெரியும்ல, என்ன ஏதுன்னு கேட்டுச் சொல்லு."

கையில் இருந்த ரொட்டியை அப்படியே வைத்தேன். ஈவா சொன்ன நடைமுறை எதுவென்று அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. "பாக்குறேண்ணே" என்றேன். அப்போதும் சொல்லவில்லை. அவர் கேட்டபடி, அவர் பெயரில் ஒரு மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். 'நான் எந்தப் பெண்ணுக்கும் தொல்லை கொடுத்ததில்லை' என்று ஆங்கிலத்தில் நானே தட்டச்சு செய்தேன். அண்ணன் போனில், "நல்லா அழுத்திப் போடுத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் விரல் அன்றைக்குக் கூசிய மாதிரி என்றைக்கும் கூசியதில்லை.

மேல்முறையீட்டுக்கு ஒரே நாளில் பதில் வந்தது. மறுபரிசீலனைக்குப் பின் முடிவில் மாற்றமில்லையாம்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மதினி கூப்பிட்டார். மதினி என்றால் அண்ணன் மனைவி, செல்வமணி. எப்போதும் பேரிரைச்சலாகப் பேசுகிறவர், அன்று குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"பியூலா, போன் கடைக்காரன் நாலு பேருட்ட சொல்லி, அது பஜார் பூரா சுத்திருச்சு. பெரியகொளத்துக்கும் போயிருச்சு. மாப்பிள்ள வீட்டுல இருந்து கூப்பிட்டு, 'சம்பந்தி மேல போன்ல ஏதோ கேசாமே'ன்னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல? இவுக இன்னைக்குக் கோயிலுக்கு வரல. பாட்டுக் குழுவுல முன்னால நின்னு பாடுற மனுசன், காலு வலிக்குதுன்னு வீட்டுல உக்காந்துக்கிட்டாக. காலு ஒண்ணும் வலிக்கல, எனக்குத் தெரியாதா?"

"ஷீபா என்ன சொல்லுறா மதினி?"

"அது அப்பாவுக்குக் காபி போட்டுக் குடுத்துட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்கு. ஒண்ணும் பேச மாட்டேங்குது."

5

மனோகரனிடம் சொன்னேன். கதை தொடங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார். கதை லார்ஸின் அறைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. முடித்ததும், "பெரியகுளத்தை நான் பார்த்துக்கறேன். ஆனா முதல்ல மச்சான்கிட்ட நீ சொல்லு. வேற யார் மூலமாவும் அவருக்குத் தெரியக்கூடாது" என்றார்.

படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டேன். மணி அங்கே மாலை ஐந்து. கடையில் இருந்தார். யாரோ டீ கிளாஸைக் கழுவும் சத்தம் கேட்டது.

"அண்ணே, அது நான்தாண்ணே."

"எது நீயி?"

"நீங்க தொந்தரவு குடுத்ததாச் சொல்றாகளே, அந்தப் பொம்பள."

அவருக்குப் பிடிபடவில்லை. முதலிலிருந்து சொன்னேன். பொத்தானை அமுக்கினால் பாப்பா என்பது பேபி ஆவது, வீட்டுக்காரர் இல்லாதபோது எடு என்றதை வெள்ளைக்காரர்கள் என்னவாகப் படித்தார்கள் என்பது, ஈவா படமெடுத்து வைத்தது, லார்ஸ் அவருடைய போட்டோவைக் காட்டி விசாரித்தது, எல்லாம். கேட்டுக்கொண்டே வந்தவர் நடுவில் ஒரு இடத்தில், "அட கெரகமே!" என்று சிரித்தே விட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு கேட்டார். "அப்ப அந்த ஆபீஸ்ல என் போட்டோவக் காட்டி யாருன்னு கேட்டாகல்ல? நீ என்ன சொன்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே சொன்ன பொய் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்பது கண் முன்னால் இருந்தது.

"ஊர்ல தெரிஞ்சவருன்னு சொன்னேண்ணே."

என்னைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து மிதித்தவர். பொறியியல் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தபோது, தான் படிக்க வேண்டியதை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தவர். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டாதவர்.

"தெரிஞ்சவரு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அப்புறம், "சரித்தா. தெரியாதுன்னு சொல்லலைல, அம்மட்டுக்கும் நல்லது" என்றார். "ஆள் வந்திருக்காக. வச்சிரட்டா?"

வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

6

மறுநாள் காலை ஈவாவின் முன்னால் போய் நின்றேன். "அந்த மனிதர் என் அண்ணன். ஒரே அண்ணன்" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்காகத்தான் செய்தாள், பாவம். "ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்று கேட்டாள். எல்லாச் சொல்லும் எனக்கு சுவீடிஷில் தெரியும், ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைக் கட்ட முடியவில்லை. "வெட்கம்" என்று மட்டும் சொன்னேன். "அண்ணனைப் பார்த்தா?" என்றாள். "இல்லை, என்னைப் பார்த்து" என்றேன். அவள் அன்றே நிறுவனத்தின் பெயரில் புகாரைத் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதினாள்.

தளத்துக்காரர்கள் அதோடு விடவில்லை. இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதற்குச் சான்று கேட்டார்கள். என் கடவுச்சீட்டில் கணவர் பெயர், அண்ணனின் அடையாள அட்டையில் அப்பா பெயர். மதினி பீரோவைக் குடைந்து பழைய ரேஷன் கார்டைக் கண்டுபிடித்துப் படமெடுத்து அனுப்பினார். அப்பா, அம்மா, தன்ராஜ், எல்லாம் சரியாக இருந்தது. நான்காவது பெயர்: பாப்பா. கணக்கெடுக்க வந்தவர் கேட்டபோது அம்மா வாய் தவறிச் சொன்னதை அப்படியே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அரசாங்க முத்திரையோடு நான் பாப்பா. ஆனால் பாப்பாதான் பியூலா என்பதற்கு உலகத்தில் எந்தச் சான்றும் இல்லை. லிடியா தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

கடைசியில் கைகொடுத்தது ஞானஸ்நானப் பதிவேடு. சபையின் ஆயர் பழைய ஏட்டைத் தேடியெடுத்து, இருவருக்கும் தனித்தனியாகச் சான்றிதழ் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். பெற்றோர் பெயர் இரண்டிலும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பினேன்.

அதற்குள் வேலைப் பக்கத்தில் ஒரு பதிவு எழுதினேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, சுவீடிஷில் ஒன்று. கடை வாசலில் அண்ணன் நிற்கும் அதே படத்தைச் சேர்த்தேன். "இவர் என் அண்ணன் தன்ராஜ். எங்கள் வீட்டில் கடைசிப் பெண்ணை எத்தனை வயதானாலும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். குழாயைப் பற்றி எனக்குத் தெரிந்த முதல் பாடம் இவர் உட்கார்ந்திருக்கும் கடையில்தான் கிடைத்தது. இவரைத் தெரியுமா என்று என்னைக் கேட்டபோது நான் சரியான பதிலைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்."

லிடியாவிடம் திருத்தக் கொடுத்தேன். ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "இதுல ரெண்டு தப்பு இருக்கும்மா. ஆனா நான் திருத்த மாட்டேன். இப்பிடியே போடு" என்றாள்.

மனோகரன் பெரியகுளத்துக்குப் பேசினார், பதிவையும் அனுப்பினார். அன்று சாயங்காலமே மாப்பிள்ளையின் அம்மா மதினியைக் கூப்பிட்டாராம். "நாங்க கேட்டதத் தப்பா எடுத்துக்கிறாதீக. எனக்கு அம்பத்தெட்டு வயசு, எங்கண்ணன் இன்னும் என்னையக் குட்டின்னுதான் கூப்பிடுறாக" என்று சொன்னாராம். ஷீபா உடனே சரி என்று சொல்லிவிடாமல், மாப்பிள்ளையிடம் தானே ஒரு மணி நேரம் பேசிய பிறகுதான் தலையாட்டியிருக்கிறாள். கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. மே மாதம் கல்யாணம்.

மூன்றாவது வாரம் அண்ணனின் பக்கம் திரும்பக் கிடைத்தது. முதல் ஆளாக ஜெயமங்கலத்துக்காரர் ஒருவர் உடைந்த குழாய்ப் படத்தோடு வந்து நின்றார்.

7

ஆனால் அண்ணன் மாறியிருந்தார். கசிவு கண்டுபிடிக்கும் ஒரு புதுக் கருவியைப் பற்றி நான் எழுதியதற்குக் கீழே இப்படி ஒரு கருத்து: "மதிப்பிற்குரிய மேடம், தங்கள் பதிவு பயனுள்ளதாக இருந்தது. பணி சிறக்க வாழ்த்துகள். தன்ராஜ், உரிமையாளர்."

பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லாமல் அழகாக மொழிபெயர்ந்திருந்தது. லார்ஸ்கூட விருப்பக்குறி போட்டிருந்தார். எனக்குத்தான் விருப்பக்குறி போட மனம் வரவில்லை. எத்தனையோ வருடமாக எந்த மரியாதைக்கு ஆசைப்பட்டேனோ, அதை அண்ணன் கையால் வாங்கும்போது இப்படி இருக்கும் என்று தெரியாமல் போயிற்று.

கூப்பிட்டேன். "என்னண்ணே இது, மேடம்?"

"உன் ஆபீஸ் ஆளுக படிக்கிறாகல்லத்தா. அங்கன மட்டு மரியாதையா இருக்கட்டும். வீட்டுக் கதைய வீட்டுப் பக்கத்துல பேசுவோம்." குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை. கடையில் ஆள் வந்தால் கைலியை இறக்கி விட்டுக்கொள்வாரே, அந்த மாதிரி இயல்பாகச் சொன்னார்.

எனக்கு மனசு ஆறவில்லை. அவர் என்னைத் தூக்கி உயரத்தில் வைத்ததை எப்படியாவது இறக்கிவிட வேண்டும் என்று தோன்றியது. அவருடைய கடைப் பக்கத்துக்குப் போனேன். புதிதாக வந்த குழாய்களைப் பற்றி எழுதியிருந்தார். கீழே தமிழில், என் முழுப் பெயரோடு எழுதினேன்: "இந்தக் கடை ஓனர் யார் தெரியுமா? ஆறாவது படிக்கும்போது ரெண்டு இஞ்சுக் குழாய்க்குள் கையை விட்டு மாட்டிக்கொண்டு, அப்பா ரம்பம் வைத்து அறுத்து எடுக்கும்வரை ஊரைக் கூட்டி அழுதவர். குழாயைப் பற்றி இவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை!"

எழுதிவிட்டு நிம்மதியாகச் சமையலுக்குப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தேன். என் கருத்தைக் காணோம்.

போன் போட்டேன். "அண்ணே, நான் எழுதுனது எங்க?"

"அழிச்சுட்டேன்."

"எதுக்குண்ணே?"

"என்ன பாப்பா நீயி, கஸ்டமரு எல்லாம் பாக்குறாகல்ல? எஸ்டேட்டுக்காரரு ஒருத்தரு அதப் படிச்சுட்டு, 'கையி இப்பப் பரவால்லையா ஓனரே'ன்னு கேட்டுச் சிரிக்கிறாரு. நாளைக்கு நான் வெல சொன்னா மதிப்பாகளா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்தோம். பக்கத்தில் மதினி, "என்னவாம், என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சிரித்து ஓய்ந்த பிறகு, கேட்கக் கூடாதுதான், ஆனாலும் கேட்டேன். "இத எழுதுன பியூலா மனோகரன் யாருன்னு உங்க கஸ்டமரு கேக்கலையாண்ணே?"

"கேட்டாக" என்றார் அண்ணன். "தங்கச்சின்னு சொல்லிட்டுத்தான் அழிச்சேன்."